அரைப்படி நெல்லும் நம் வீட்டு மரக்காலும்



மதரஸாவில் நான் ஓதிக்கொண்டிருந்த நாளில் 'முதஃப்ஃபிஃபீன்' என்னும் 83-வது சூராவின் விளக்கத்தை எங்கள் உஸ்தாத் நடத்தினார்கள். அளந்து வாங்கும்போது குறைவின்றி வாங்கிக்கொண்டு, அளந்து கொடுக்கும்போது மட்டும் கையை இறுக்குபவர்களின் கதி என்னவாகும் என்பதை அந்தச் சூரா எடுத்துச் சொல்கிறது. மாணவர்களாகிய எங்கள் எல்லோர் கண்ணிலும் அப்போது வந்து நின்றது கடைத்தெரு மளிகைக் கடையின் தராசுதான். தட்டின் அடியில் புளியை ஒட்டிவைக்கும் வியாபாரியை நினைத்துச் சிரித்துக்கொண்டோம். எங்கள் வீட்டு நெற்குதிர் எவர் நினைவுக்கும் வரவில்லை.

வந்திருக்க வேண்டும் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கூலித் தொழிலாளியின் வாயால்தான் நான் பாடம் கேட்டேன். அந்தப் பாடத்தையே இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வெட்டாற்றுப் பாசனத்தில் எங்கள் பாட்டனாருக்குச் சிறிது நன்செய் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாதக் கடைசியில், பித்ரா அரிசியை அளப்பதற்காக என் தாயார் பரணில் கிடந்த பழைய மரக்காலை எடுத்துக் கழுவி வைத்திருந்தார்கள். கிலோ கணக்கு வந்துவிட்ட காலத்திலும் பாட்டனார் வீட்டு மரக்காலால் அளந்தால் பரக்கத் என்பது அவர்கள் எண்ணம். அன்று கொல்லையில் தேங்காய் பறிக்க வந்திருந்த முதியவர் அதைப் பார்த்தார். சிறுவயது முதல் எங்கள் பாட்டனார் நிலத்தில் பாடுபட்டவர். ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்தவர். மரக்காலைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இது எந்த மரக்கா தம்பி? வாங்குறதா, குடுக்குறதா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "பெரிய ராவுத்தரு நல்ல மனுசருதான். காச்சல்னு படுத்தா கசாயம் குடுத்து வுடுவாரு. ஆனா வூட்டுல மரக்கா ரெண்டு இருந்துச்சு. குத்தவ நெல்லு அளந்து வாங்குறது ஒண்ணு, எங்களுக்குக் கூலி அளக்குறது ஒண்ணு. பத்துக்கு ஒண்ணு கொறையும். எல்லாருக்கும் தெரியும். யாரு கேக்குறது?"

அந்த மரக்காலில் அரிசியை அளந்து, தராசிலும் நிறுத்துப் பார்த்தோம். குறைந்தது. பித்ராவுக்காக நாங்கள் எடுத்து வைத்திருந்தது கூலி அளக்கும் மரக்கால்! நல்லவேளையாக, அன்று பித்ராவை நிறுத்தே கொடுத்து நிறைவேற்றிவிட்டோம். ஆனால் அந்த மரக்காலால் எத்தனை அறுவடைக் காலங்களில் எத்தனை பேருக்கு அளந்திருப்பார்கள்? பாட்டனாரோ மௌத்தாகிவிட்டார்கள். நான் என் தந்தையாரின் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

அரைப்படிக்காக எரிந்த ஊர்

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. நம் தஞ்சைத் தரணியின் கதை. பண்ணையாள் முறை இங்கே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. முணுமுணுத்தவர்களுக்குச் சாட்டையடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால் தண்டனையும் நடந்த பூமி இது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940-களில் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய பிறகே அக்கொடுமைகள் தளர்ந்தன. 1948-ல் மாயவரம் ஒப்பந்தமும், 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1960-களில் தீவிர வேளாண்மைத் திட்டமும் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல்லும் வந்து விளைச்சல் கூடிற்று. விளைச்சல் கூடிய வேகத்தில் கூலி கூடவில்லை.

1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நடந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள் என்றுதான் மக்கள் இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். சங்கத்தை விட்டுவிட வேண்டும் என்ற நெருக்கடியும் அவர்கள்மீது இருந்தது. அவர்கள் இணங்கவில்லை. அன்று மாலை எழுந்த மோதலில் நிலக்காரர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்டார். அதுவும் ஓர் உயிரே. அதை மறைத்துப் பேசுவது நீதியாகாது. இரவில் ஆயுதங்களோடு வந்த கூட்டத்துக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்தவர்களை வெளியில் அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர் கருகி மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்காரர்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்னும் பொருள்பட அத்தீர்ப்பில் சொல்லப்பட்டிருந்தது.

சகோதரர்களே! ஹிஜ்ரி கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அது 1388-ம் ஆண்டு ஷவ்வால் மாதத்தின் முதல் வாரம். நாம் முப்பது நாள் பசித்திருந்து, பசியின் அருமையை உணர்ந்து, பித்ராவை அளந்து கொடுத்து, பெருநாள் தொழுது நான்கைந்து நாட்களே ஆகியிருந்தன. நாகூர் தர்காவின் மினாராக்களிலிருந்து ஒரே நாளில் நடந்து போய்விடக்கூடிய தொலைவு கீழ்வெண்மணி. ஷாஃபிஈ மத்ஹபின்படி பித்ரா தலைக்கு ஒரு ஸாஉ தானியம். அரைப்படி நெல் என்பது அதைவிடக் குறைவு. ஒரு குழந்தைக்காக நாம் கொடுக்கும் பித்ராவின் அளவுகூட இல்லாத நெல்லைக் கேட்ட மக்கள், நம் பெருநாள் சாப்பாட்டின் மணம் ஆறுவதற்குள் எரிக்கப்பட்டார்கள்!

அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் நாமல்லர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அச்செய்தி கேட்டு, வெகு தொலைவிலிருந்து காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும் அந்தப் பகுதிக்கு வந்தார்கள். அங்கேயே தங்கி உழைத்தார்கள். 1981-ல் 'லாப்டி' என்ற இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பெயரில், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கிடைக்கச் செய்தார்கள். 2008-ல் உலகம் அவர்களை அழைத்துப் பரிசளித்தது. தூரத்திலிருந்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்தது, பக்கத்திலிருந்த நம் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? இதுவே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பார்ப்பதும் ஒரு கடமை

கேட்டு வருகிறவனுக்குக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். திருமறை அப்படிச் சொல்லவில்லை. பகரா சூராவின் 273-வது வசனம் ஒரு வகை ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் மானத்துக்கு அஞ்சிக் கையேந்த மாட்டார்கள். விவரம் அறியாதவன் அவர்களை வசதியுள்ளவர்கள் என்றே நினைத்துவிடுவான். அவர்களை அடையாளங்களைக் கொண்டுதான் அறிய முடியும் என்பது அவ்வசனத்தின் கருத்து. அடையாளத்தைக் கொண்டு அறிய வேண்டுமானால் முதலில் கண் திறந்து பார்க்க வேண்டாமா? பார்ப்பதே இங்கு கடமையாகிவிடுகிறது.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவுக்கு வெளியே சுற்றி வந்தபோது, பசியால் அழும் குழந்தைகளைத் தேற்றுவதற்காக வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டிருந்த ஒரு தாயைக் கண்ட வரலாறு நாம் அறிந்ததே. மாவு மூட்டையைத் தாமே முதுகில் சுமந்து வந்தார்கள். உடன் வந்தவர் சுமக்க முன்வந்தபோது, மறுமையில் என் சுமையை நீரா சுமப்பீர் என்னும் கருத்தில் மறுத்துவிட்டார்கள். இந்த வரலாற்றை மேடையில் சொல்லும்போது நாம் கண் கலங்குகிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். அந்தத் தாய் அரண்மனை வாசலுக்கு மனுக் கொண்டு வரவில்லை. உமர் (ரலி) அவர்களே தேடிப் போய்க் கண்டார்கள்.

அண்டை வீட்டான் என்றால் முஸ்லிமான அண்டை வீட்டான் மட்டும்தானா? அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். அண்டை வீட்டாருக்குச் சொத்தில் பங்கே கொடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தி வந்ததாக நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருளியதை நினைவூட்டியே அப்படிக் கேட்டார்கள். ஆகவே வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் தெருவும் நம் அண்டை வீடுதான்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கொல்லை மாடத்தில் ஒரு தனிக் குவளை இருந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதற்கு. ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்று மிம்பரில் ஓதிவிட்டு வீட்டுக்கு வந்த எனக்கு, அந்தக் குவளை வருஷக்கணக்கில் கண்ணில் படவே இல்லை. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியபோது, இன்னமும் ஜாஹிலிய்யத் உம்மிடம் ஒட்டியிருக்கிறது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையும் உடுப்பதையும் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று போதித்தார்கள். அதன் பிறகு அபூதர் (ரலி) அவர்களும் அவர்களுடைய ஊழியரும் ஒரே வகை ஆடை அணிந்து நடந்ததைப் பார்த்தவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஸஹாபிக்கே சொல்லிக் காட்ட ஒருவர் தேவைப்பட்டார் என்றால், நமக்குத் தேவைப்படாதா?

கூலி பற்றிய சில மஸாயில்கள்

நம் வீடுகளில் அன்றாடம் தேவைப்படும் சில மார்க்க விளக்கங்களை இங்கே தருகிறேன்.

1. வேலைக்கு அழைக்கும்போதே கூலியைத் தீர்மானித்துவிட வேண்டும். "வேலையை முடி, பார்த்துப் போட்டுக் கொடுக்கிறேன்" என்பது நம் ஊர்ப் பழக்கம். கூலி இன்னதென்று தெரியாத ஒப்பந்தம் ஃபாஸித், அதாவது பழுதுபட்டது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அப்படி வேலை வாங்கிவிட்டால், அந்த வேலைக்கு ஊரில் வழக்கமாக உள்ள கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். நம் மனம்போனபடி கொடுக்க உரிமை கிடையாது.

2. வேலை முடிந்ததும் தாமதிக்கக் கூடாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை ஸஹீஹுல் புகாரியில் வந்திருக்கிறது. கைவசம் பணம் இருந்தும் "நாளைக்கு வா" என்று வாசலிலிருந்து திருப்பி அனுப்பும் தாய்மார்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

3. ஜகாத்தைக் கூலியோடு கலக்கக் கூடாது. "அவளுக்குத்தான் ரமளானில் சேலையும் பணமும் கொடுக்கிறோமே" என்று மாதச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. கூலி என்பது நாம் பட்ட கடன். அது அவளுடைய பொருள். கடனைத் தர்மத்தால் தீர்க்க முடியாது. கடனைத் தீர்த்த பிறகு கொடுப்பதுதான் தர்மம்.

4. விளைச்சலின் ஹக்கை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடும்படி அன்ஆம் சூரா கட்டளையிடுகிறது. மழையாலும் தானாகப் பாயும் நீராலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. வாய்க்கால் பாசனம், மோட்டார் பாசனம், நிஸாபு ஆகியவற்றில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அறுவடை இயந்திரக்காரருக்கு மணிக்கணக்கில் பணம் எண்ணிக் கொடுக்கிறோம். இந்தக் கணக்கை மட்டும் மறந்துவிடுகிறோம்.

5. கடமையான ஜகாத்தின் சட்டம் வேறு. உபரியான ஸதகாவை முஸ்லிமல்லாத ஏழைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கும் நன்மை உண்டு.

சஃபரும் கொல்லைப்புறமும்

நம் பகுதியில் சஃபருக்குப் போகாத வீடு அரிது. வளைகுடாவிலிருக்கும் மகனுக்கு அங்குள்ள முதலாளி மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தால், பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டால், இங்கே தாய் எத்தனை இரவு தஹஜ்ஜுதில் அழுகிறாள்! அந்த முதலாளியை எப்படியெல்லாம் சபிக்கிறாள்! அதே வீட்டின் கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கும் பெண், இரண்டு நாள் காய்ச்சலில் படுத்ததற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுகிறாள். அவளும் இரவில் அழுவாள் அல்லவா? அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த துஆ எந்த மொழியில் எழுந்தாலும் அவனுக்குக் கேட்கும்.

நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்ட பிறகு, நம் வயல்களை நம்பியிருந்த பெண்களுக்கு வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. ஆடவர்கள் திருப்பூருக்கும் பிற ஊர்களுக்கும் பிழைக்கப் போகிறார்கள். வேலையில்லாத மாதங்களில் அடுப்பு எரிவது கடனால். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டங்களைச் சூறையாடிய பிறகு, 36,000 ரூபாய்க்காகத் தன் சிறுவனை ஆடு மேய்க்க அடகாக விட்ட ஏழைத் தந்தையின் செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோம். 1976-ம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை நாடெங்கும் ஒழித்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது, அறுவடையான தாளடி வயல்களில் ஆட்டுக் கிடையோடு நடந்து கொண்டிருந்தது. கிடை நம் வயலில்தான் கட்டப்படுகிறது. எருவுக்காக நாம்தான் பேசி வரவழைக்கிறோம். ஆட்டின் பின்னால் நிற்கும் பத்து வயதுப் பையனைப் பார்த்து, "தம்பி, பள்ளிக்கூடம் போகலையா? ஒங்க ஊரு எது?" என்று கேட்டிருக்கிறோமா?

கேட்டுப் பாருங்கள். அவன் பதில் சொல்லப் பயந்தால், அதுவே ஓர் அடையாளம். சிறுவர் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. கொத்தடிமைகளை மீட்பது மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் ஆகியோரின் பொறுப்பு. கொத்தடிமையாக வேலை வாங்குகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தகவல் சொல்வதைக் கோள் சொல்வதாக எண்ண வேண்டாம். அநீதி செய்பவனுக்கும் உதவுங்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அந்த உதவி என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. செய்கிறவர் நம் உறவினராக இருந்தாலும் சரியே. நமக்கோ நம் பெற்றோருக்கோ சொந்தங்களுக்கோ எதிராக இருப்பினும் நீதியின் பக்கமே நிற்க வேண்டும் என்பது நிஸா சூராவின் 135-வது வசனம் கற்றுத்தரும் பாடம்.

முடியாத கணக்கு

மீண்டும் எங்கள் வீட்டு மரக்காலுக்கு வருகிறேன். அல்லாஹ்வுக்குரிய ஹக்கில் குறை வைத்தவன் தௌபா செய்தால் அவன் மன்னிக்கலாம். மனிதர்களின் ஹக்கு அப்படியன்று. உரியவரிடம் சேர்க்க வேண்டும். அல்லது அவர் மன்னிக்க வேண்டும். இறந்தவர் பட்ட கடனோ அவர் விட்டுச் சென்ற சொத்தின்மீது நிற்கிறது. கடனாளியாக இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்ததும் ஹதீஸில் வந்துள்ளது.

இதை என் தந்தையாரிடம் எடுத்துச் சொன்னேன். அவர்கள் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் சுப்ஹு தொழுதுவிட்டு, "வா, போவோம்" என்றார்கள். இருவரும் அந்த முதியவரின் வீட்டுக்குப் போனோம். அவர் தெருவுக்குள் என் தந்தையார் கால் வைத்தது அதுவே முதல்முறை. விஷயத்தைச் சொல்லி, குத்துமதிப்பாகக் கணக்குப் பார்த்த தொகையை அவர்முன் வைத்தார்கள். அவர் நெடுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எனக்கு ஒருத்தனுக்கா அளந்தாங்க தம்பி? என்கூட களத்துல நின்ன நாப்பது பேரும் போய்ச் சேந்துட்டாங்களே. அவங்களுக்கு எப்படி அளப்பீங்க?"

ஓதிப் பட்டம் பெற்ற என்னிடம் அப்போது வார்த்தை இல்லை. பதில் கிதாபுகளில் இருக்கிறது. உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். வாரிசும் தெரியாவிட்டால் உரியவரின் பெயரால் தர்மம் செய்ய வேண்டும். அவரையே துணையாகக் கொண்டு பெயர்களை எழுதினோம். சில வாரிசுகள் உள்ளூரிலேயே இருந்தார்கள்; சிலர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்று என்னால் எழுத முடியவில்லை. கொல்லை மாடத்துத் தனிக் குவளை மட்டும் இப்போது இல்லை. அவர் வந்தால் முன் திண்ணையில் என் தந்தையாரோடு அமர்ந்து தேநீர் குடிக்கிறார்.

அன்பர்களே, தாய்மார்களே! இந்த இதழை மூடி வைத்துவிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு உழைத்துத் தருகிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பாத்திரம் துலக்குபவர், துணி வெளுப்பவர், வயலில் களையெடுப்பவர், மையவாடியைச் சுத்தம் செய்பவர், பள்ளிவாசல் மோதினார் ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இவருக்கு நான் தர வேண்டியது என்ன, தந்தது என்ன, இவர் வீட்டில் எத்தனை பேர், அவர்கள் இன்று சாப்பிட்டார்களா என்று எழுதிப் பாருங்கள். பெயர்கூடத் தெரியாமல் இத்தனை நாள் வேலை வாங்கியிருப்பது சிலருக்கு அப்போதுதான் தெரியவரும். எழுத முடியாத இடங்களே நாம் பார்க்கத் தவறிய இடங்கள்.

மஹ்ஷரில் நிறுத்தப்படும் தராசுக்கு அடியில் புளி ஒட்ட முடியாது. அங்கே வாங்கும் மரக்கால், கொடுக்கும் மரக்கால் என்று இரண்டு கிடையாது. அந்த நாள் வருமுன் நம் மரக்காலை நாமே நிறுத்துப் பார்த்துக்கொள்வோமாக! கொடுக்கும் கையில் நேர்மையையும், பார்க்கும் கண்ணில் இரக்கத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.